வெள்ளை தேடும் வரதன்

"கொஞ்சம் திரும்பு அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஆளின் முதுகுக்கு நேரே வீடியோ கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் வரதன். தன்னைத்தான் படம் எடுக்கிறார் என்று அந்த ஆள் தலையைச் சீவிக்கொள்கிறார். படமாவது மண்ணாங்கட்டியாவது. வரதனுக்கு வேண்டியது அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும். ஒரு பொத்தானை அழுத்தி, உள்ளே மினுக்கும் குறி நிற்கும்வரை மூச்சைக்கூட விடமாட்டார். "இதான் வெள்ளைன்னு மெஷினுக்கு நாம சொல்லணும் சார். அப்பத்தான் மத்த கலரு கரீக்டா வுழும்."

கடப்பாக்கம் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவர் கையால்தான் கேசட் ஆகின்றன. சொட்டுநீலம் தூக்கலாகப் போட்ட வேட்டியைக் கிட்டே சேர்க்கமாட்டார். "அத்த நம்பினா மாப்ள மஞ்சக்காமாலை வந்தவனாட்டம் கீறான்." கேமராவுக்குள்ளேயே பார்த்துச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்டேன். "உள்ள எல்லாம் கறுப்பு வெள்ளதான் சார். டிவில போட்டாத்தான் என் வண்டவாளம் தெரியும்."

தொண்ணூற்றெட்டுக் கோடையில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா இறந்துபோனார். ஒரே மகன் சடையப்பன் மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை, கேசட் எடுத்து அனுப்பச் சொல்லிப் போன் செய்தான். ஆறு மாதம் பீ மூத்திரம் அள்ளியவள் மருமகள் தேவகி. அப்படியும், கிழவிக்குச் சரியாகச் சோறு போடுவதில்லை என்று நாத்தனார்க்காரி மஸ்கட்டுக்கு ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தாள். என்ன ஜென்மமோ.

வரதன் வந்ததும் மேலே பார்த்தார். வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"இதுக்குக் கீழ அப்டியே எடுத்தா மூஞ்சி நீலமா வுழும்மா" என்றார் தேவகியிடம், மெதுவாக.

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீலம் பாரிச்ச மூஞ்சிய அவரு பாத்தா, நான் மருந்து வெச்சிட்டேன்னு இல்ல நெனப்பாரு? இன்னாண்ணா பண்ணுவேன்?"

தார்ப்பாயை அவிழ்க்கப் பெரியவர்கள் விடவில்லை, பிணம் வெயிலில் கிடக்கக் கூடாதாம். வரதன் சுற்றிச் சுற்றி வந்தார். இருந்த வேட்டிகளில் பாதி நீலம், பாதி பழுப்பு. கோடித்துணியெல்லாம் மஞ்சள். தூக்குகிற நேரமாகிவிட்டது என்று அதட்டல் வேறு. கடைசியில் வாய்க்கரிசித் தட்டைக் கண்டுபிடித்தார். அதைத் தேவகியின் கையில் கொடுத்து, மாமியார் முகத்தருகே பிடிக்கச் சொன்னார்.

"ஆடாத புடிம்மா."

"இன்னாடா இவன், அரிசியப் படம் புடிச்சிகினு கீறான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வரதன் காதில் வாங்கவில்லை. குறி நின்ற பிறகுதான் எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு டிவியில் கேசட்டைப் போட்டார். தேவகி உட்காரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றாள். திரையில் செல்லம்மாவின் முகம் வந்தது.

"எங்க அத்த நெறமேதான்" என்றாள் தேவகி. அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

வரதன் கேசட்டை வெளியே எடுத்தார். அதன்மேல் இனி யாரும் எதையும் பதிவு செய்ய முடியாதபடி, விளிம்பிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தார்.