ஓரின்பாயின் வாசலில் கட்டிய கொடி

செய்தி வந்தபோது மாலை மணி நான்கு இருபது. பல்ஜான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கப்பல்கள் சேதி சொல்ல ஏற்றும் கொடிகளைத் தைக்கும் அக்தாவ் துறைமுகக் கிடங்கில் அவளுடைய கணவர் ஓரின்பாய், தையல் இயந்திரத்தின்மேல் தலை சாய்த்தபடியே போய்விட்டார். நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ஐந்து மணிக்கு முன் கிடங்கைப் பூட்டாத மனிதர், அன்றுதான் முதல்முறையாகச் சீக்கிரம் கிளம்பியிருந்தார்.

காஸ்பியன் கடலில் அவர் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. படகில் கால் வைத்தாலே வாந்தி. ஆனால் எந்தக் கப்பலாவது கொடியை மாற்றி ஏற்றிவிட்டால், கரையில் நின்றே அதன் ஏழு தலைமுறையைத் திட்டுவார். "ரேடியோ வந்தப்புறம் கொடியை எவன்யா பாக்குறான்?" என்று ஒரு கேப்டன் கேட்டதற்கு, "நான் பாக்குறேன்" என்றார்.

வீட்டிலும் அதே பாஷைதான். அந்த ஊர் வழக்கப்படி, கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வேறு பெயர் வைத்துத்தான் சொல்ல வேண்டும். மற்ற மருமகள்கள் மரியாதையாக ஏதோ வைத்துக்கொண்டார்கள். பல்ஜானுக்கு ஓரின்பாயே கொடிகளிலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார். தன் அண்ணனுக்கு அவர் வைத்தது 'மஞ்சள் கறுப்பு'. மஞ்சளும் கறுப்புமாக நான்கு கட்டம் போட்ட அந்தக் கொடிக்கு, 'கப்பலை உடனே நிறுத்து' என்று பொருள். யார் எதைத் தொடங்கினாலும் நிறுத்தச் சொல்வதுதான் அண்ணன் வாழ்நாளில் செய்த ஒரே உழைப்பு.

மறுநாள் காலை, கிரேன் ஓட்டும் நண்பர்கள் வாசலில் துக்கக் கொடி கட்டினார்கள். அங்கே இளையவர் இறந்தால் சிவப்பு, நடுவயதென்றால் கறுப்பு, முதியவரென்றால் வெள்ளை. கிடங்கில் முழுக் கறுப்புக் கொடியே கிடையாது. முழுச் சிவப்பு இருந்தது, அதையே கட்டிவிட்டார்கள். 'ஆபத்தான சரக்கு இறக்குகிறேன்' என்று அதற்கு அர்த்தம். அதன் கீழே இரண்டு பேருந்து நிறைய உறவினர்கள் இறங்கிக்கொண்டிருந்ததால், பல்ஜானால் அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஆனாலும், ஊரான் கொடியையெல்லாம் திருத்தியவரின் வாசலில் தப்பான கொடி பறப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒப்பாரியைப் பாதியில் விட்டு வெளியே வந்து அதை அவிழ்த்தாள். இயந்திரத்தில் அவர் கடைசியாகத் தைத்துக்கொண்டிருந்த கொடியை நண்பர்கள் அவர் கோட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நீலம், நடுவே வெள்ளைச் சதுரம். அதைக் கையில் எடுத்தாள்.

"நிறுத்தும்மா!" என்றார் அண்ணன். "என்ன கூத்து இது? கறுப்புத் துணி வாங்க ஆள் போயிருக்கு."

"வந்ததும் அதையும் கட்டுங்க பெரியத்தான். இது அவர் தச்சது."

"இதுக்கு என்ன அர்த்தமாம்?"

"கப்பல் கிளம்பப்போகுது, எல்லாரும் வந்து சேருங்கன்னு அர்த்தம்."

அண்ணன் அந்த நீலத் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கடல்னாலே வாந்தியெடுப்பானே பய," என்றார். பிறகு, "எனக்கும் ஏதோ கொடி வச்சிருந்தானாமே?"

பல்ஜான் தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டாள். "பெரிய கொடிதான் பெரியத்தான். அதைப் பாத்தா எப்பேர்ப்பட்ட கப்பலும் நின்னுடும்."

"அப்படியா!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பத்தை அவரே பிடித்துக்கொண்டார்.

பல்ஜான் கொடியைக் கயிற்றில் மாட்டப் போனாள். கீழ் மூலையில் வளையம் இருந்தது. கொடியைத் தூக்கிப் பிடிக்கும் மேல் மூலை வளையத்தை ஓரின்பாய் இன்னும் தைக்கவில்லை.