சந்தனம் வைத்த விசிறி

ஆயுத பூஜையன்று போடியில் பூட்டிக் கிடக்கும் ஒரே பட்டறை மொக்கச்சாமி அண்ணனுடையது. மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறார். கர்வம் பிடித்த மனுசன் என்பார்கள். காரணம் தெரியாத நாக்குகள் என்னவும் சொல்லும். எனக்குத் தெரியும், அன்று ஜீப்பில் பெட்ரோல் பீப்பாய் ஏற்றி வந்த தவசி நான்தான்.

1979. மலையைப் படம் எடுக்க இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று ராசிங்காபுரத்துப் பொட்டலில் இறங்கியிருந்தது. ஓட்டியவர் அந்த ஊர்க்காரரே, வெள்ளைத்துரை. விமானப்படையில் இருந்து வந்த மொக்கச்சாமி அண்ணன்தான் மெக்கானிக்.

பூஜைக்கு மறுநாள் காலை, இடது எஞ்சினைச் சோதித்த வெள்ளைத்துரை உடனே நிறுத்தினார்.

"அண்ணே, விசிறி திரும்ப மாட்டேங்குது."

பறக்கும்போது எஞ்சின் நின்றால், அதன் முன்னால் சுழலும் விசிறியின் இறக்கைகளைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்ட வேண்டும். திருப்பாவிட்டால் அது காற்றோடு முட்டி விமானத்தையே கீழே இழுத்துவிடும்.

அண்ணன் எண்ணெயைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், விசிறியின் நடுக் குமிழுக்குள் காற்றழுத்தத்தை அளந்தார். எல்லாம் சரி. கடைசியில் விசிறியின் நடுவை மூடியிருக்கும் மூக்குத் தொப்பியைக் கழற்றினார். எஞ்சின் ஓடும்போது விலகி வழிவிட வேண்டிய சின்னத் தாழ்ப்பாளில் சந்தனமும் கிரீசும் சேர்ந்து இறுகியிருந்தது. முந்தின நாள் தொப்பியைக் கழற்றி, அவரே அப்பி வைத்த சந்தனம்.

பெட்ரோலில் கழுவினார். இடது விசிறி திரும்பியது. எல்லோரும் சிரித்தோம்.

"வலதையும் பாக்கட்டுமா அப்பு?" என்றார் அண்ணன்.

மலைமேல் போடிமெட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "வெரசா போகணும்ணே. வந்து பாத்துக்கலாம்," என்றார் வெள்ளைத்துரை.

"சரி, போ. வலது எப்பவும் நல்ல புள்ளதான்."

விமானம் போன பிறகு கேட்டேன். "அண்ணே, சந்தனம் ரெண்டுக்கும்தான வச்சீக?"

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு ரேடியோவை நோக்கி ஓடினார். மலைக்கு அப்பால் அது எட்டவில்லை. மெட்டுப் பக்கமிருந்து ஒற்றை எஞ்சின் சத்தம் திணறித் திணறி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

விமானம் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் விழுந்து கிடந்தது. வலது எஞ்சின் நின்றிருக்கிறது, விசிறி திரும்பவில்லை. வெள்ளைத்துரையின் உடலைக் கம்பளியில் சுற்றி என் ஜீப்பில்தான் இறக்கினோம்.

விசாரணைக்கு வந்தவர்கள் எதுவும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அண்ணனே வலது மூக்கைக் கழற்றிக் காட்டினார். தாழ்ப்பாளின் மேல் சந்தனம் உடையாமல் இருந்தது, அழுத்திய விரல் ரேகையோடு.

"இது என் வெரலு," என்றார். "எழுதிக்கோங்க சார்."