பம்பரின் இடது மூலை

முலாம் போடும் தொழிலில் முலாம் போடுகிற நேரம் கொஞ்சம்தான்; பழையதைச் சுரண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். அடுத்தவர் பொருளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பொருளோடு அதைக் கொண்டுவந்தவரின் கவலையும் பட்டறைக்குள் வந்துவிடும் என்பதை ஒத்துக்கொள்வார்கள்.

புளி

கோவையில் நான் பட்டறை போட்ட புதிது, ஐம்பதுகளின் கடைசி. பீளமேட்டு மில்காரர் ஒருவர் வீட்டு டிரைவர் ஆறுமுகம், ஹெட்லைட் வளையங்கள் இரண்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். யுத்தத்துக்கு முந்தின கார். நிக்கல் போய், அடியிலிருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பதாகப் பெருமையாகச் சொன்னார். வீட்டுக் குத்துவிளக்கு அப்படித்தானே பளபளக்கிறது என்றார்.

குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, இதில் நிக்கல் தாள் கனம்கூட இல்லை என்று விளக்கினேன். சோப்புத் தண்ணீர், ஈரம் போக உலர்ந்த துணி, மழைக்காலத்தில் மெல்லிசாகத் தேங்காயெண்ணெய், அவ்வளவு போதும். வளையத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இத்தன வருசமா இந்தக் கார நானே தேச்சுத் தின்னுபோட்டேனுங்களா?"

டீ

இரண்டு வருடம் கழித்து முன்பக்க பம்பர் வந்தது. இடது மூலை நசுங்கியிருந்தது. கேட் தூணில் உரசிவிட்டதாம். நிமிர்த்தி, பழைய முலாமை எடுத்து, தேய்த்து, புதிதாக முலாம் தொட்டியில் முக்கிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் மறுபடி வந்தது. அப்புறம் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் அதே இடது மூலை, அதே ஒரு சாண் அகலம். வலது பக்கத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. முதலாளி வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மில்காரரின் இரண்டு பெண் குழந்தைகளையும் தினம் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காரில் கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான்.

மூன்றாம் முறை வந்தபோது உட்காரச் சொல்லி, டீ சொன்னேன்; கடைப் பையன் கொண்டுவந்ததை வாங்கிச் சத்தமில்லாமல் அவருக்கு இடது பக்கம் பெஞ்சின் மேல் வைத்தேன். மழையைப் பற்றியும் மில் ஸ்டிரைக்கைப் பற்றியும் பேசினோம். ஆவி அடங்கி, டீயில் ஆடை கட்டியது. பக்கத்துக் கடையில் யாரோ டம்ளர் கழுவும் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்துச் சொன்னார்:

"டீ சொல்லியிருந்தீங்களே மேஸ்திரி, இன்னும் வரலீங்களே."

திருப்பித் தராத பம்பர்

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பம்பர் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் உயரவே இல்லை. தன் மூத்த பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை, ஸ்டீரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை இது என்றார். டீயைத் தொடாமலே போய்விட்டார். நடக்கும்போது இடது கையால் வாசல் நிலையைத் தொட்டுக்கொண்டு போனதை அன்றுதான் கவனித்தேன். மில்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை சைக்கிளை எடுத்தேன். இரண்டு முறையும் பாதியில் திரும்பினேன். பம்பர் நசுங்கினபடியே சுவரில் சாய்ந்து கிடந்தது.

மூன்றாவது வாரம் பட்டறை வாசலில் ஒரு ஜட்கா நின்றது. மில்காரரின் மனைவி இறங்கினார். பின்னால் ஆறுமுகம். டாக்டரிடம் போனதையும், இடது கண்ணில் போன பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னதையும் அவரே வீட்டில் சொல்லிவிட்டாராம். ஆறுமுகம் நேராகப் பம்பரிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, அந்த மூலையைத் தடவிப் பார்த்தார். சம்பளத்தில் மாற்றமில்லை, காரைப் பார்த்துக்கொள்வது எப்போதும்போல அவர் பொறுப்புதான் என்று அந்த அம்மா தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். அப்படியானால் ஓட்டப்போவது யார், ஏன் ஜட்காவில் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஆறுமுகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆளு பாக்கறதும் அவருதானுங்க. மூணு பேரு வந்தாங்க. மூணு பேருமே கதவ ஓங்கிச் சாத்தறாங்கன்னு அனுப்பிச்சுபோட்டாருங்க."

முப்பது வருடம் எத்தனையோ கார்களுக்கு முலாம் போட்டிருக்கிறேன்; நல்ல வேலை என்று எதையாவது சொல்லச் சொன்னால், போட மாட்டேன் என்று மூன்று வாரம் சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்த நசுங்கின பம்பரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.