வகிடு மாற்றிய காலைகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலை தானாக நிமிர்கிறது. வாப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். உம்மா பாய் இழைத்தவ. பெண்பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிடும் எங்கள் கிண்ணியாத் தெருவிலிருந்து நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய், பத்தாம் வகுப்புச் சோதனை எழுதித் தேறி, ஆசிரியையாகவும் ஆனேன். தெருவில் நடந்தால் ‘டீச்சர் போறா’ என்கிறார்கள்.

அந்தப் பெருமையில் பாதி என் தங்கச்சியுடையது. பாதி என்பதும் குறைவுதான்.

டவுனுக்குப் போக முதலில் பாதையில் ஏற வேண்டும். ஆட்கள், சைக்கிள், மீன்கூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் அகலமான தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்போம். அங்கே பஸ் பிடித்து, சீனக்குடாவைத் தாண்டி டவுன். வயதுக்கு வந்த பெண் அந்த வழியில் தனியாகப் போவதில்லை. வாப்பாவோ விடியமுன் துறைமுகத்துக்குப் போய்விடுவார்.

“கொமருப் புள்ள தனியப் பாதையில ஏறினா ஊரு என்னையத்தான் கேக்கும்,” என்றார் அவர். “சின்னவளும் கூடப் போனாப் போ. இல்லாட்டிப் படிச்சது காணும்.”

தங்கச்சி என்னைவிட ஐந்து வயது இளையவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருந்தவள். மீன் விற்கிறவர், பஸ் கொண்டக்டர், எங்கள் பெரியம்மா, யாரைப் போலவும் கதைத்துக் காட்டி வீட்டைச் சிரிக்க வைப்பாள். அன்றைக்கு வாப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, “நானும் போறன் வாப்பா. பாதையில போக எனக்கும் ஆசதான்,” என்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளையும் டவுன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள்.

சில மாதங்களிலேயே காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். பாதையில் ஏறியதும் சத்தி எடுப்பாள்.

“கடலோரத்துல பொறந்த புள்ளைக்குப் பாதையில சத்தியா?” என்று சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் சிரிப்பார். “மக்காவுக்குப் போற கப்பல்ல ஏறினா என்ன செய்யப் போறாய் மகள்?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருப்பாள். பழைய தங்கச்சி என்றால் அந்த ஆளைப் போலவே கதைத்துக் காட்டியிருப்பாள்.

உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் கூட்டிப்போய் ஓதிய தண்ணீர் கொடுத்தா. அது பள்ளி விடுமுறைக் காலம். வலி நின்றுவிட்டது. தண்ணீரால் நின்றது என்று உம்மா நம்பினா. நான் படித்தவள் அல்லவா, அதை நம்பவில்லை. லீவில் வலிக்காத வயிறு பள்ளிக்கூட நாளில் மட்டும் வலிக்கிறதென்றால் அது நடிப்புத்தான் என்று தீர்த்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

காலையில் அவளுக்குத் தலை கட்டிவிடுவது என் வேலை. ஒருநாள் சீப்புக்குள் வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. முடியை விலக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில், காதுக்கு மேலே, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் தெரிந்தது.

“இது என்ன?”

“தெரியா ராத்தா. கை தன்பாட்டுல போகுது. புடுங்கினாக் கொஞ்சம் நல்லா இருக்கு.”

“பைத்தியமா உனக்கு?”

உம்மா குசினிக்குள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தா. அங்கே போக எனக்குப் பத்து அடிகூட இல்லை. ஆனால் உம்மாவுக்குத் தெரிந்தால் வாப்பாவுக்குத் தெரியும். வாப்பாவுக்குத் தெரிந்தால் இவள் நின்றுவிடுவாள், இவள் நின்றால் நானும் நிற்க வேண்டும். சோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

நான் வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். அங்கிருந்து முடியை எடுத்து இடப்பக்கத்துக்கு இழுத்து, இறுக்கிப் பின்னி, மேலே முக்காட்டைப் போட்டுவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. கெட்டித்தனமாகச் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

அதன்பிறகு எண்ணெய் வைப்பதையும் உம்மாவிடம் விடவில்லை. “தங்கச்சியில இவளுக்கு உள்ள இரக்கத்தப் பாருங்க,” என்று உம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லுவா. நான் குனிந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன். குற்றி அளவாக இருந்தது உள்ளங்கை அளவாகிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பாதை புறப்படுமுன், என் கையைப் பிடித்து, “ராத்தா, இண்டைக்கு ஒரு நாள் மட்டும் ஊட்டுல நிப்பமா?”

“நீ நிண்டா நானும் நிக்கணும். எண்ட படிப்பு பாழாப் போனா அது உன்னாலதான். வெளங்கிச்சா?”

“ஓம் ராத்தா.”

அதற்குப் பிறகு அவள் வயிற்றுவலியைப் பற்றிக்கூடப் பேசவில்லை. சரியாகிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சோதனை முடிந்த நாள் பாதையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்கு உலகமே லேசாக இருந்தது.

“எல்லாம் முடிஞ்சிதா ராத்தா?”

“முடிஞ்சி.”

“அப்ப இனி நான் வரத் தேவல்லதானே?”

குறை சொல்லும் குரல் இல்லை. சுமந்து வந்ததை இறக்கி வைத்தவள்போலக் கேட்டாள். காற்றில் முக்காடு கழுத்துக்கு இறங்கியது. அவள் அதை இழுத்துப் போடவில்லை. பின்னலும் குலைந்துபோனது. பக்கத்தில் நின்ற பெண் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினா. தங்கச்சி அப்படியே வீட்டுக்கு வந்தாள்.

உம்மா அலறிக்கொண்டு அவள் தலையை மடியில் வைத்துத் தடவினா. பிறகு என்னைப் பார்த்தா. “நீதானே நாளும் தல கட்டினாய். உனக்குத் தெரியாதா?”

“தெரியா உம்மா,” என்றேன்.

தங்கச்சி மடியில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. முடி மெல்ல வளர்ந்தது. யாரைப் போலவும் கதைத்துக் காட்டுவது மட்டும் திரும்பி வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் ஒருநாள் பிள்ளைகளின் மனதைப் பற்றிய பாடம் நடந்தது. சொல்லத் தெரியாத பயம் வயிற்றுவலியாக வரும், தன் முடியைத் தானே பிடுங்குவதாக வரும், அந்தப் பிள்ளை நடிக்கவில்லை என்றார்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் வீடு தேடிப் போய் உம்மாமாரிடம் சொல்கிறேன்: “கள்ளமில்ல. அடிக்காதீங்க. என்னத்துக்குப் பயப்படுதெண்டு பக்கத்துல இருந்து கேளுங்க. சொல்லாட்டியும் பக்கத்துல இருங்க.” டீச்சருக்கு எவ்வளவு விளக்கம் என்கிறார்கள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தங்கச்சி தையல் மெசினில் குனிந்திருப்பாள்.

போன பெருநாள் காலையில் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நான் சீப்பை எடுத்தேன். “கட்டி உடட்டா?”

“வேணா ராத்தா. எனக்குத் தெரியும்.”

சீப்பு என் கையிலேயே இருந்தது. “நான் உம்மாக்கிட்டச் சொல்லப் போறன். அண்டைக்கே எனக்குத் தெரியுமெண்டு.”

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். “இப்ப என்னத்துக்கு? உங்களுக்கு ஆறுதலா இருக்கவா?”

அவள் என் கையிலிருந்து சீப்பை வாங்கி, நேர் நடுவில் வகிடு எடுத்தாள்.