சாய்ந்த தீக்குச்சிகள்

செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் என் அண்ணி ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு, எடுத்து மோந்து பார்ப்பார். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். பாலையும் அப்படித்தான் மோந்து பார்ப்பார், அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையையும் அப்படித்தான். எதையும் சட்டென்று நம்புகிற பிறவி இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ் கட்டடத்தில் வேலை செய்கிறோம். நான் தரை துடைக்கிறேன். நாலு மாடியிலும் உள்ள நாற்பது தொட்டிச்செடிகள் அண்ணி பொறுப்பு.

போன வருடம் அவை ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. ஈரம் இருந்தும் வாடின. மேனேஜர் வந்து பார்த்தார். "மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா பிளாஸ்டிக் செடி வெச்சிடலாம்மா. அதுக்கு ஆளும் வேண்டாம்."

அன்று அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "யாரோ வேணும்னே பண்றாங்க" என்றார்.

சந்தேகம் நேராக வாட்ச்மேன் மேல் விழுந்தது. மிச்ச டீயைத் தொட்டியில் ஊற்றி ஒருமுறை மாட்டிக்கொண்டவர் அவர். அண்ணி பொறி வைத்தார். சாயங்காலம் கிளம்பும்போது தொட்டிக்கு ஒன்றாகத் தீக்குச்சி நட்டார். காலையில் பதினோரு குச்சிகள் சாய்ந்து கிடந்தன.

"பாத்தியா? கை வெச்சிருக்கான்!"

வாட்ச்மேன் கொதித்துப் போனார். "ஏம்மா, உங்க செடிக்கும் எனக்கும் என்ன பங்காளிச் சண்டையா?"

"டீ ஊத்தின கைதானே அது?"

"டீ ஊத்தினேன். குச்சியப் புடுங்கல."

தரை துடைக்கிறவளுக்குத் தரையில் கிடப்பதுதான் முதலில் கண்ணில் படும். ஜன்னலோரம் தினமும் பழுப்பு வண்டுகள் மல்லாந்து கிடந்தன. சாய்ந்த குச்சிகளைச் சுற்றி மண் உள்ளிருந்து மேலே தள்ளியிருந்தது. கையால் பிடுங்கினால் அப்படி இருக்காது. அந்தப் பதினோரு தொட்டியும் மாடிப்படிக்கு அடியில் உள்ள மூட்டையிலிருந்து அண்ணி மண் போட்டவை. செத்த செடியின் மண்ணை அண்ணி எறிய மாட்டார். "மண்ணு எங்கயாவது கெட்டுப் போகுமா?" என்று மூட்டையில் சேர்ப்பார். மூட்டையின் வாயைக் கட்டுவதும் இல்லை.

மூன்று நாள் விழுங்கிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் வாட்ச்மேனைப் பற்றி மேனேஜரிடம் சொல்ல அண்ணி கிளம்பினார்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"அத அப்புறம் பாத்துக்கறேன். சொல்லு."

ஒரு தொட்டியைப் பழைய பேப்பரில் கவிழ்த்தேன். வேர் பாதிக்கு மேல் இல்லை. கொழுத்த வெள்ளைப் புழுக்கள் ஆறு, உடம்பை வளைத்துச் சுருண்டு கிடந்தன. அண்ணி அந்த மண்ணை எடுத்து மோந்தார்.

"மூட்டையா?"

தலையாட்டினேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு நாளா."

"அடி ஊமைக்கோட்டான்! மூணு நாளு என்னை அந்த மனுஷனோட மல்லுக்கட்ட விட்டுட்டு வேடிக்கையா பாத்தே?"

திட்டிக்கொண்டே நாற்பதையும் பிடுங்கினார். நான் வாளியில் வேர்களை அலசினேன். புது மண் போட்டு, வண்டு முட்டை வைக்காதபடி மேலே வலைத்துணி கட்டினோம். பழைய மண்ணை மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினோம். புழுக்களைக் காக்கைகள் முடித்தன.

மாசக் கடைசியில் மேனேஜர் வந்து புதுத் துளிர்களை எண்ணினார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

இன்று முப்பத்து மூன்று செடிகள் இருக்கின்றன, அண்ணியின் வேலையும் இருக்கிறது. வாட்ச்மேனிடம் அண்ணி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. தீக்குச்சி நடுவதையும் நிறுத்தவில்லை. செத்த ஏழின் இடத்தில் பிளாஸ்டிக் செடிகள் நிற்கின்றன. அவற்றின் தூசியைத் துடைப்பது நான்.