கிழிந்த ஸ்பீக்கர்

காலை ஆறு இருபதுக்கு மகளின் கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது ‘கிழிந்த ஸ்பீக்கர்’ என்ற பொத்தான். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி போல ஒலி தரும் மலிவான மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அதை அழுத்தியதும் கிட்டார் ஒலி கரகரவென்றது.

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் வீட்டில், அப்பாவின் வால்வு ரேடியோதான் என் ஆம்ப். அதன் பின்புறத்தில் கிட்டார் ஒயரைச் செருகுவேன். சூடேறியதும் தூசி வாசனை வரும். கல்லூரி இசைக்குழுத் தேர்வுக்கு அன்று மாலைக்குள் கேசட் தர வேண்டும். பதிவின் பாதியில் ஸ்பீக்கர் கிழிந்தது. நிறுத்திவிட்டேன்.

“ஏண்டி நிறுத்தினே? டேப் ஓடிண்டிருக்கே!” என்றார் அப்பா.

“ஸ்பீக்கர் கிழிஞ்சுடுத்துப்பா.”

“உங்கம்மா மிக்ஸிக்கு இது தேவலை. வாசி!”

முழுவதும் வாசித்தேன். அப்பாவின் குரலும் பதிவான அந்தக் கேசட்டையே கொடுத்தேன். குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஒரு மாதம் அப்பா பக்கத்து வீட்டில் செய்தி கேட்டார்.