சித்தியின் எட்டு மணி நேரத் தூக்கம்

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னென்ன செய்கிறார் என்று கட்டம் போட்டு எழுதி வர வேண்டும். நான் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். தலைப்பிரசவத்துக்குச் சிக்கல் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவளைப் பற்றி எழுதுவது சுலபம் என்று கணக்குப் போட்டேன். சோம்பேறித்தனத்தில் அப்போது என்னை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது.

காலை எட்டு மணிக்குள்ளேயே ‘பால் கொடுத்தல்’ என்று மூன்று முறை எழுதியாகிவிட்டது. கை வலித்ததால் நான்காவது முறை ‘மேற்படி’ என்று போட்டேன்.

அன்று காலையிலேயே சித்தப்பா ராமநாதபுரத்திலிருந்து பால்பவுடர் டப்பாவும் புட்டியுமாக வந்து இறங்கினார். முதல் நாள் போனில் சித்தி அழுதிருக்கிறாள். அவள் கேட்டது ஒன்றுதான்: யாரும் எழுப்பாமல் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும்.

“பிள்ளை முழிச்சா நான் புட்டியில குடுத்துக்கிறேன். நீ போய்ப் படு” என்றார் சித்தப்பா.

நல்ல மனசுதான். ஆனால் அது மிளகாய்க் காலம். அம்மாவும் அய்யாவும் முற்றத்தில் வற்றலைக் குவித்து, சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்த வீட்டில் சும்மா இருந்தால் மரியாதையா என்று சித்தப்பாவும் கூட உட்கார்ந்துவிட்டார். உள்ளே சித்தி கண்ணை மூடினாளோ இல்லையோ, பிள்ளை அழ ஆரம்பித்தது.

பெரியவர்கள் மூவரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். மிளகாய்க் காரம் சோப்புக்கெல்லாம் லேசில் மசியாது. பிள்ளை வாயில் படுகிற புட்டியை யார் தொடுவது? என் கை சுத்தம்தான். ஆனால் அடுப்புப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை.

“நான் ரெண்டு தடவை கழுவிட்டு வாரேன்” என்று எழுந்த சித்தப்பா, கழுவப் போகும் வழியிலேயே நெற்றி வேர்வையைத் துடைத்தார். விரல் கண்ணில் பட்டது. அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் பிள்ளையே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

சித்தி எழுந்து ஓடிவந்தாள். வீட்டில் காரமில்லாத பெரிய கை அவளுடையது மட்டும்தான். புருஷன் கண்ணைக் கழுவிவிட்டு, புட்டியைக் கொதிக்க வைத்து, பவுடரை அளந்து கலக்கி, ஆற வைத்தாள். பிள்ளை இரண்டு வாய் சப்பிவிட்டு ரப்பரைத் துப்பியது. பிறகு வழக்கம்போல அவளே மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்த சித்தப்பா சாயங்காலம் வரை குறட்டை விட்டார்.

நான் ‘கண் கழுவுதல், புட்டி கொதிக்க வைத்தல், மேற்படி’ என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

திங்கள்கிழமை காலையில் பார்த்தால் டீச்சர் கடைசியாகப் போடச் சொன்ன ‘தூக்கம்’ என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஒரு ஆள் தூங்காமல் இருப்பாரா, நான்தான் பார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து, பாடப்புத்தகத்தில் இருந்தபடி எட்டு மணி நேரம் என்று நிரப்பினேன். பத்துக்குப் பத்து கிடைத்தது.

ஓடிப்போய் சித்தியிடம் நோட்டை நீட்டினேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவள், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எட்டு மணி நேரம் தூங்குன அந்தச் சித்தி எங்கன இருக்கா தாயி? நானும் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

சிரிப்பு நின்ற பிறகும் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நான் பத்துக்குப் பத்து வாங்கியதில் சித்திக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே பெருமை.